40 சிஸ்டம், 50 ஐபி முகவரி. இருந்தும் 17-ஆவதில் டிஎச்சிபி நின்றுவிடுகிறது

சாக்பீஸ் | திங்கள், இரவு 9:40

வணக்கம். ஒரு பாலிடெக்னிக்கில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். வியாழக்கிழமை பிராக்டிகல் தேர்வு. அதற்குள் 40 சிஸ்டத்திலும் டெபியன் 12 ஏற்றியாக வேண்டும். பென் டிரைவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓடினால் ஆகாது என்று, பழைய டெஸ்க்டாப் ஒன்றை இன்ஸ்டால் சர்வராக மாற்றினேன். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று கல்லூரி நெட்வொர்க்குக்கு, இன்னொன்று லேப் சுவிட்சுக்கு. லேப் பக்கம் 192.168.50.1. ஐபி முகவரி கொடுக்க ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வர், பூட் கோப்புகளைக் கொடுக்க டிஎஃப்டிபி, இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்த பிரிசீட் கோப்பைக் கொடுக்க ஒரு அப்பாச்சி வெப் சர்வர். அவ்வளவுதான்.

எல்லா சிபியூ மேலும் சாக்பீஸால் எண் போட்டிருக்கிறேன். நாலு நாலாக பிஎக்ஸ்இயில், அதாவது நெட்வொர்க் வழியாக, பூட் செய்கிறேன். நாலும் ஏறி முடித்து, ரீஸ்டார்ட் ஆகி, லாகின் திரை வந்த பிறகுதான் அடுத்த நாலு.

வெள்ளிக்கிழமை 1 முதல் 16 வரை வெண்ணெய் போல ஓடியது. 17, 18, 19, 20-ஐ ஆன் செய்தேன். 17-உம் 18-உம் பிஎக்ஸ்இ தாண்டி இன்ஸ்டாலருக்குள் போய், அங்கே ‘நெட்வொர்க் ஆட்டோகான்ஃபிகரேஷன் ஃபெயில்டு’ என்று சிவப்புத் திரை காட்டி நின்றன. 19-உம் 20-உம் அதுவரைகூட வரவில்லை. கறுப்புத் திரையில் பிஎக்ஸ்இ-இ51, டிஎச்சிபி ஆஃபர் எதுவும் வரவில்லை என்ற செய்தி. ஒரே கூட்டத்தில் இரண்டு வித நோய்.

கேபிள் என்று நினைத்து, 3-ஆம் சிஸ்டத்தின் கேபிளைப் பிடுங்கி 19-இல் செருகினேன். அதே இ51. 19-இன் கேபிளில் 3-ஐ மாட்டினேன். அது சமத்தாக ஐபி வாங்கிக்கொண்டு எழுந்தது! அப்போ 19-இன் நெட்வொர்க் கார்டு போச்சா? 20-உம் அப்படியே போச்சா? சர்வீசை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டால் பச்சை எழுத்தில் ‘ஆக்டிவ்’ என்கிறது. கீழே டிஸ்கவர் (ஐபி கேட்டு சிஸ்டம் அனுப்பும் செய்தி) வந்த வரிகளும் தெரிகின்றன. ஆக, கேட்பது சர்வர் காதில் விழுகிறது.

இன்று காலை 10 மணிக்கு மாணவர்கள் வந்து 1 முதல் 16 வரை உட்கார்ந்தார்கள். 11 மணிக்கு, போனால் போகட்டும் என்று 17 முதல் 20-ஐ ஆன் செய்தேன். நாலும் எந்தக் குறையும் இல்லாமல் ஏறிவிட்டன! 19-இல் கார்டு போயிருந்தால் இன்று எப்படி வரும்? 21 முதல் 24-உம் ஆயிற்று. 25 முதல் 28-இல் மறுபடி கோளாறு, இந்த முறை மூன்றாவது வகை: நாலிலும் இன்ஸ்டால் முழுதாக முடிந்தது. ரீஸ்டார்ட் ஆன பிறகு 25, 26-க்கு ஐபி இருக்கிறது. 27, 28-க்கு இல்லை.

ஐபி போதவில்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். 50.100 முதல் 50.149 வரை 50 கொடுத்திருக்கிறேன். சிஸ்டம் மொத்தமே 40. பத்து உபரி.

வேறு எங்கே பார்ப்பது?

கண்ணாடிநார் | திங்கள், இரவு 10:05

ஸ்பானிங் ட்ரீ, அதாவது கேபிள் வளையமாகிவிடாமல் சுவிட்ச் செய்யும் சோதனை. பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. போர்ட்டில் லிங்க் வந்ததும் மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது) 15 விநாடி லிசனிங், 15 விநாடி லேர்னிங் என்று அரை நிமிடம் எதையும் கடத்தாமல் வைத்திருக்கும். அதற்குள் பிஎக்ஸ்இ கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டால் இ51. பிஎக்ஸ்இ எப்படியோ தப்பித்தாலும், இன்ஸ்டாலரின் கெர்னல் ஏறும்போது லிங்க் ஒரு முறை விழுந்து எழும், அரை நிமிடம் மறுபடி முதலிலிருந்து. 17, 18 சிவப்புத் திரையில் நின்றதற்கு இது அச்சாகப் பொருந்துகிறது.

லேப் போர்ட்டுகளுக்கு போர்ட்ஃபாஸ்ட் (அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போடுங்கள். பிரிசீட்டில் நெட்சிஎஃப்ஜியின் (இன்ஸ்டாலரின் நெட்வொர்க் பகுதி) லிங்க் வெயிட் டைம்அவுட் சொல்லாவிட்டால் 3 விநாடிதான். கெர்னல் வரியில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) அதைக் கூட்டிக் கொடுங்கள். பிரிசீட் கோப்பே நெட்வொர்க் வழியாக வருகிறது என்றால், கோப்புக்குள் எழுதுவது காலம் கடந்த வேலை.

சாக்பீஸ் | திங்கள், இரவு 10:20

கெர்னல் வரி விஷயம் தெரியாது, நன்றி. ஆனால் எங்களிடம் இருப்பது மேனேஜ்டு சுவிட்சே இல்லை. 24 போர்ட் அன்மேனேஜ்டு இரண்டு, நடுவில் ஒரு கேபிள். ஸ்பானிங் ட்ரீ என்ற பேச்சே அதற்குத் தெரியாது. அதோடு, அதுதான் காரணம் என்றால் முதல் நாலிலேயே வந்திருக்க வேண்டாமா?

பழைய_சர்வர் | திங்கள், இரவு 10:50

நண்பரே, ஸ்டேட்டஸில் பச்சை தெரிகிறதே என்று மனம் ஆறாதீர்கள். சர்வீஸ் உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் பச்சை. எல்லோருக்கும் பரிமாறுகிறதா என்பது அதில் தெரியாது.

டிஎச்சிபி நாலு அடி: டிஸ்கவர் (முகவரி உண்டா?), ஆஃபர் (இதோ), ரிக்வெஸ்ட் (அதையே கொடு), ஆக் (சரி). எந்த அடியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சர்வரில் லேப் பக்கத்துக் கார்டில் டிசிபிடம்ப் (கடக்கும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, டிஎச்சிபி பேசும் யூடிபி 67, 68 போர்ட்டுகளை மட்டும் வடிகட்டி, ஏறாத ஒரு சிஸ்டத்தை ஆன் செய்யுங்கள். டிஸ்கவரே வரவில்லை என்றால் கேபிள், சுவிட்ச். டிஸ்கவர் வந்து, உங்கள் 50.1 அல்லாத வேறு ஒரு முகவரியிலிருந்து ஆஃபர் வந்தால், யாரோ வைஃபை ரவுட்டரைச் சுவரில் செருகியிருக்கிறார்கள். என் பழைய ஆபீசில் ஒரு முறை இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ஜெராக்ஸ் மிஷின் பின்னாலிருந்து ஒன்று கிடைத்தது. டிஸ்கவர் வந்தும் ஆஃபர் யாருமே தரவில்லை என்றால், உங்கள் சர்வர் கேட்டுக்கொண்டே மறுக்கிறது. ஏன் என்பதை லாகில் எழுதியிருக்கும். ஜர்னல்சிடிஎல்லில் முழு வரியையும் பாருங்கள்.

கான்ஃபிக் கோப்பையும் இங்கே போடுங்கள். ரேஞ்ச் சொன்னீர்கள், லீஸ் டைம் (கொடுத்த முகவரி எவ்வளவு நேரம் செல்லும் என்பது) சொல்லவில்லை.

சாக்பீஸ் | செவ்வாய், காலை 9:10

காலையில் முதல் வேலையாகப் பார்த்தேன். 29-ஐ ஆன் செய்தேன். டிசிபிடம்பில் டிஸ்கவர் நாலு முறை வந்தது, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஆஃபர் ஒன்றுகூட இல்லை. ஜெராக்ஸ் மிஷின் கதை இங்கே இல்லை.

இப்போது என் மானம் போகும் பகுதி. ஸ்டேட்டஸில் ‘டிஸ்கவர் ஃப்ரம்’ என்று வரி தெரிகிறது என்றேன் அல்லவா? வரி நீளம் என்பதால் வால் பகுதியைத் திரை விளிம்பில் வெட்டிவிட்டிருக்கிறது. ஜர்னல்சிடிஎல்லில் வலது பக்கம் நகர்த்திப் பார்த்தால் முழு வரி: ‘நெட்வொர்க் 192.168.50.0/24: நோ ஃப்ரீ லீசஸ்’. வெள்ளிக்கிழமையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான்தான் பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

இருந்தாலும் எனக்குப் புரியவில்லை. நோ ஃப்ரீ லீசஸா? 28 சிஸ்டம்தானே ஏறியிருக்கிறது? 50-ஐ யார் தின்றார்கள்?

டீஃபால்ட் லீஸ் டைமும் மேக்ஸ் லீஸ் டைமும் 86400. அலுவலக நெட்வொர்க்குக்கு முன்பு எழுதிய கோப்பிலிருந்து எடுத்துப் போட்டது. டிஎச்சிபிடி மைனஸ் டி போட்டுப் பார்த்தேன், இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நிறுவிய சிஸ்டத்தில் நெட்வொர்க் மேனேஜரை எடுத்துவிட்டு சிஸ்டம்டி-நெட்வொர்க்டி வைத்திருக்கிறேன். அது சம்பந்தப்படுமா தெரியவில்லை.

மூணாறு_மேகம் | செவ்வாய், காலை 9:25

கடைசியாகச் சொன்னீர்களே, அது நன்றாகவே சம்பந்தப்படும்.

உங்கள் கண்ணுக்கு அது ஒரு சிஸ்டம். சர்வர் கண்ணுக்கு மூன்று பேர். டிஎச்சிபி சர்வர் ஆளை அடையாளம் காண்பது முதலில் கிளையன்ட் ஐடென்டிஃபையரை வைத்துத்தான், அதாவது கேட்பவர் தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாளம், ஆப்ஷன் 61. அது இல்லாதபோதுதான் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டிலேயே பதிந்த எண். பிஎக்ஸ்இ ரோம் மதர்போர்டின் யூயூஐடியை (அந்த போர்டுக்கே உரிய எண்) ஐடியாகக் கொடுத்து ஒரு முகவரி வாங்குகிறது. அதே கார்டு, அதே மேக், ஆனால் இன்ஸ்டாலர் அந்த யூயூஐடியைச் சொல்வதில்லை. ஆகவே இரண்டாவது முகவரி. ரீஸ்டார்ட் ஆனதும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, நிறுவிய சிஸ்டத்தின் மிஷின்-ஐடியிலிருந்து செய்த டியூஐடி என்ற வேறோர் அடையாளத்தைக் காட்டுகிறது. மூன்றாவது முகவரி. முதல் இரண்டையும் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. பிஎக்ஸ்இ ரோம் கெர்னலிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் போய்விடும், ரிலீஸ் எல்லாம் அனுப்பாது. நீங்கள் கொடுத்த லீஸ் 86400 விநாடி, முழு ஒரு நாள். 20 நிமிட வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாள் வாடகைக்கு அறை.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை 16 சிஸ்டம், ஆளுக்கு மூன்று: 48. மீதி 2. அடுத்த கூட்டத்தில் 17-உம் 18-உம் அந்த இரண்டை பிஎக்ஸ்இயில் வாங்கின. 19, 20-க்கு இல்லை: இ51. 17, 18 இன்ஸ்டாலருக்குள் போய் இன்னொன்று கேட்டன, இல்லை: சிவப்புத் திரை. இரண்டு நோய் இல்லை, ஒன்றுதான். 3 மட்டும் எந்தக் கேபிளிலும் எழுந்ததற்குக் காரணம், அதன் பெயரில் ஏற்கெனவே லீஸ் இருந்தது. சர்வீசை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லாததற்குக் காரணம், லீஸ் கணக்கு கோப்பில் இருக்கிறது. எழுந்ததும் அதைத்தான் முதலில் படிக்கும்.

சனி, ஞாயிறில் எல்லா லீசும் காலாவதி. திங்கள் காலை மாணவர்கள் 16 சிஸ்டத்தை ஆன் செய்தார்கள், அவற்றுக்கு ஒன்று வீதம் 16. 17 முதல் 20-க்கு 12, 21 முதல் 24-க்கு 12. ஆக 40. மீதி 10. 25 முதல் 28 வரை பிஎக்ஸ்இக்கு 4, இன்ஸ்டாலருக்கு 4. மீதி 2. ரீஸ்டார்ட் ஆனபோது முந்திக்கொண்ட 25, 26-க்குக் கிடைத்தது. 27, 28-க்கு இல்லை.

சரிதானா என்று லீஸ் கோப்பில் பாருங்கள். டெபியனில் அது வார் லிப் கீழே டிஎச்சிபி அடைவில் இருக்கும்.

சாக்பீஸ் | செவ்வாய், காலை 9:50

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து அறை சார் எட்டிப் பார்த்தார்.

21-ஆம் சிஸ்டத்தின் மேக் முகவரியை எடுத்து (கடைசி இரண்டு 41:07) கோப்பில் தேடினேன். மூன்று இடத்தில் இருக்கிறது: 50.128, 50.132, 50.136. மூன்றுக்கும் நிலை ‘ஆக்டிவ்’. முதலாவதில் யூஐடி (அந்த கிளையன்ட் ஐடென்டிஃபையர்) வரி \000 என்று தொடங்குகிறது, பின்னால் வாயில் நுழையாத எழுத்துகள். மூன்றாவதில் \377 என்று தொடங்குகிறது. நடுவில் இருப்பது இரண்டோடும் ஒட்டவில்லை. ஒரே கார்டு, மூன்று பெயர்.

ஒரு சந்தேகம். கோப்பில் ‘ஆக்டிவ்’ என்ற சொல்லை எண்ணினால் 83 வருகிறது. 50 முகவரியில் 83 எப்படி?

பழைய_சர்வர் | செவ்வாய், காலை 10:00

அது பதிவேடு மாதிரி. ஒவ்வொரு மாற்றத்தையும் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும், பழைய வரியை அங்கேயே விட்டுவிடும். ஒரே முகவரி பல முறை வந்தால் கடைசியாக வருவதுதான் செல்லும். கையால் எண்ண வேண்டாம், சர்வர் பொதியோடு டிஎச்சிபி-லீஸ்-லிஸ்ட் என்று ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது. அதை ஓட்டுங்கள், 50 என்று வரும்.

மூணாறு_மேகம் சொன்னது சரி. நான் சுவிட்சைச் சந்தேகித்திருப்பேன், ஒப்புக்கொள்கிறேன்.

சரிசெய்ய மூன்று வழி. ரேஞ்சை விரிப்பது எளிது, ஆனால் சோம்பேறி வைத்தியம். லீஸ் டைமைக் குறைப்பது இன்ஸ்டால் நெட்வொர்க்குக்கு எப்போதும் நல்லது, அரை மணி போதும். மூன்றாவது, இக்னோர்-கிளையன்ட்-யூஐடிஸ் ட்ரூ என்று சப்நெட்டுக்குள் ஒரு வரி. அதற்குப் பிறகு யூஐடியைக் குறித்துக்கொள்ளாது, மேக்கை வைத்தே ஆளை அடையாளம் காணும். மூன்று வேடத்துக்கும் ஒரே முகவரி. நான் மூன்றாவதோடு லீஸ் டைமையும் குறைப்பேன்.

கவனிக்க வேண்டியது: கான்ஃபிக்கை மாற்றியதால் பழைய லீஸ் சுருங்காது. ஒரு நாளுக்கு எழுதிக் கொடுத்தது ஒரு நாள்தான். ஆகவே முதலில் சர்வீசை நிறுத்துங்கள். பிறகு லீஸ் கோப்பைக் காலி செய்யுங்கள். அழித்துவிடாதீர்கள், கோப்பே இல்லாவிட்டால் சர்வீஸ் கிளம்ப மறுக்கும். காலியாக இருந்தால் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது காலி செய்தால், தன் நினைவில் இருப்பதைத் திரும்ப எழுதி வைத்துவிடும்.

ஆன் செய்திருக்கும் சிஸ்டங்களோடு முகவரி மோதுமோ என்று பயம் வேண்டாம். புதிதாக ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் சர்வர் அதற்கு ஒரு பிங் அனுப்பிப் பார்க்கும், பதில் வந்தால் அதை ஒதுக்கிவிடும். இருந்தாலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்வது நிம்மதி.

கண்ணாடிநார் | செவ்வாய், காலை 10:15

ஸ்பானிங் ட்ரீயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :)

தேர்வு முடிந்த பிறகு யோசியுங்கள்: ஐஎஸ்சி டிஎச்சிபியின் பராமரிப்பை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்து அவர்களே கொடுப்பது கியா. அங்கே இதே வேலைக்கு மேட்ச்-கிளையன்ட்-ஐடி ஃபால்ஸ். சின்ன லேப் என்றால் டிஎன்எஸ்மாஸ்க் போதும், டிஎஃப்டிபியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதில் டிஎச்சிபி-இக்னோர்-சிஎல்ஐடி. தேர்வுக்கு முன்னால் எதையும் மாற்றாதீர்கள்.

சாக்பீஸ் | செவ்வாய், மாலை 5:30

லிஸ்டில் 50. சொன்னபடியே.

எல்லா சிஸ்டத்தையும் அணைத்தேன். சர்வீசை நிறுத்தி, லீஸ் கோப்பை .பழசு என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு, டச் கட்டளையால் காலிக் கோப்பு ஒன்று உருவாக்கினேன். இக்னோர்-கிளையன்ட்-யூஐடிஸ் வரி போட்டேன். லீஸ் டைம் 1800. ரேஞ்சைத் தொடவில்லை. 50 போதும் என்று நான் அடித்துப் பேசியது சரிதான் என்று காட்ட வேண்டாமா?

27, 28-ஐ முதலில் ஆன் செய்தேன். ஐபி வந்தது. பிறகு 29 முதல் 32. பிஎக்ஸ்இயில் 29-க்கு 50.102. இன்ஸ்டாலரிலும் 50.102. ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரை வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன், 50.102. இதைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தெரியாது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு 33 முதல் 40-க்குப் போனேன். ஏழு முடிந்தது.

33 மட்டும் நின்றிருக்கிறது. இது வேறு நோய்: ஐபி வாங்குகிறது, பிஎக்ஸ்லினக்ஸ் (பூட் லோடர்) கோப்பை இழுக்கிறது, ஒரு நொடி கறுப்பு, திரும்ப பூட் மெனு. டிஎச்சிபி லாகில் டிஸ்கவர் முதல் ஆக் வரை நாலு அடியும் முழுதாக இருக்கிறது (இந்த முறை வரியின் கடைசி எழுத்து வரை படித்தேன்). போன மாதம் அதில் மட்டும் மதர்போர்டு மாற்றினார்கள்.

மூணாறு_மேகம் | செவ்வாய், மாலை 5:45

புது போர்டு, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐயில் பூட் ஆகிறது. பிஎக்ஸ்லினக்ஸ்.0 பழைய பயாஸுக்கு மட்டும்தான், யூஇஎஃப்ஐக்கு அதை ஓட்டத் தெரியாது. ஆகவே இழுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிறது.

ஆப்ஷன் 93-இல் சிஸ்டம் தன் கட்டமைப்பைச் சொல்லும்: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. டிஎச்சிபி கான்ஃபிக்கில் அந்த எண்ணைப் பார்த்து, 7-க்கு மட்டும் டெபியன் நெட்பூட் தொகுப்பில் இருக்கும் கிரப் இஎஃப்ஐ கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஒரே ஒரு சிஸ்டம்தான், நேரமும் இல்லை என்றால், பயாஸ் அமைப்பில் சிஎஸ்எம் அல்லது லெகசி பூட் (பழைய பயாஸ் போல நடக்கும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஆன் செய்தால் இன்றைக்கே முடியும்.

சாக்பீஸ் | செவ்வாய், மாலை 6:20

சிஎஸ்எம் இருந்தது. ஆன் செய்தேன், 33 இப்போது பொதிகளை இறக்கிக்கொண்டிருக்கிறது, 61 சதவீதம். வாட்ச்மேன் அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். ஆப்ஷன் 93 வேலையைத் தேர்வுக்குப் பிறகு செய்துவிட்டு, எழுதிய கான்ஃபிக்கை இங்கேயே போடுகிறேன்.